பிரிஸில்லா ஆயாம்மாவும் கனம் குறையாத பாட்டில்களும்

"காலையில தூக்கினு வந்த அதே கனம், சாயங்காலமும் அதே கனம். தண்ணிய ஊர் சுத்திக் காட்டவா குடுத்து அனுப்பிச்சாங்க உங்க வூட்ல?"

மூன்றரை மணி பெல் அடித்து ஓய்வதற்குள் பிரிஸில்லா ஆயாம்மாவின் இந்தக் குரல் ஆரம்பித்துவிடும். வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு, அதன்மேல் நூறு தண்ணீர் பாட்டில்கள். ஆயாம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். ஒட்டியிருக்கும் பேரைப் படிக்கமாட்டார். பாட்டிலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். காய்கறிக் கடையில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "இது அரை", "இது முக்கா", "இது மூடியே தொறக்கல" என்று எடை சொல்லி, அதன் பிறகுதான் கையில் கொடுப்பார். கனமாக இருந்தால் மேலே சொன்ன வசனம் இலவசம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில் அதை ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது கேட்டிருப்போம்.

அந்த வசனத்தைச் சொல்லிக் காட்ட ஒவ்வொரு வகுப்பிலும் ஆள் இருந்தது. ஆனால் 'வூட்ல' என்று முடிக்கும்போது அவர் மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். அதைச் சரியாகப் பிடித்தது ஐந்தாம் வகுப்பில் ஒருத்திதான். இதற்கு மேல் தற்பெருமை வேண்டாம்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். பெரிய வீடு ஒன்றைப் பள்ளிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். ஒன்றும் இரண்டும் மெத்தை வீட்டுக்குள். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகள் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. பதினொரு மணிக்கு மேல் அந்தக் கூரை எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே காயப்போட்ட தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். எல்லார் கழுத்திலும் வேர்க்குரு பவுடர் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு நிற்கும். பத்து நாளைக்கு ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வரும். ஜன்னலைத் திறந்தால் ரோட்டில் பஸ் திரும்பும்போதெல்லாம் கரும்புகை உள்ளே வரும். மூடினால் காற்று வராது. திறந்து மூடி, திறந்து மூடி, அந்த ஜன்னலின் கொண்டி கழன்றே போயிற்று.

பாட்டில்களை வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது. யாரோ ஒரு பையனின் பாட்டில் கவிழ்ந்து, மிஸ் திருத்தி வைத்திருந்த நாற்பது பரீட்சைப் பேப்பர்கள் நனைந்த நாளிலிருந்து அது சட்டம். அதனால்தான் அந்த பெஞ்சும், அதற்குக் காவலாக ஆயாம்மாவும். அந்தக் காலத்துப் பாட்டில்களை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளும் வார், ஜூன் இரண்டாம் வாரமே அறுந்து ஷூ லேஸால் கட்டப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே டம்ளர். சிலதில் அழுத்தினால் டப்பென்று எழுந்து நிற்கும் ஸ்ட்ரா. புது பிளாஸ்டிக் வாசனை அரைப் பரீட்சை வரை போகாது. பதினோரு மணிக்கு அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரையும் டிகாக்ஷனும் மட்டும்தான் பாக்கி என்று தோன்றும்.

ஆயாம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். குள்ளம். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம். அதோடு ஒரு சேஃப்டி பின் கொத்தும் தொங்கும், பட்டன் அறுந்த பிள்ளைகளுக்காக. சாந்தோம் பக்கத்திலிருந்து நடந்தே வருவார். அவர் கணவர் ஃபிரெட்ரிக் பேண்டு குழுவில் டிரம்பெட் வாசிப்பவர். "எங்க ஊட்டுக்காரரு கல்யாணத்துக்கும் ஊதுவாரு, சாவுக்கும் ஊதுவாரு, வேலைக்குப் போன்னா மட்டும் மூச்சு வாங்கும்" என்பார். யாரையும் விட்டுவைக்க மாட்டார். எங்களைத் திட்டும்போதும் அவர் கண் எங்கள் முகத்தில் இருக்காது, உதட்டில் இருக்கும். காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"வேர்வையில போனது திரும்ப உள்ள வரணும். உள்ள வரலன்னா நீ கருவாடு. அவ்ளோதான் கணக்கு."

அந்த வருஷம் மழை பொய்த்து, தெருக் குழாய்களில் காற்றுதான் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வரும். அதன் பின்னால் பிளாஸ்டிக் குடங்கள் தெரு முனைவரை வரிசை கட்டும். வீடுகளில் அம்மாக்கள் குடிதண்ணீரிலிருந்து அளந்து எங்கள் பாட்டிலை நிரப்பி அனுப்பினார்கள். அது குடிக்காமலே திரும்பி வருவதை ஆயாம்மாவால் தாங்க முடியவில்லை. வசனம் பலிக்கவில்லை என்றதும் ஒரு திங்கட்கிழமை கேட்டில் நின்றுகொண்டு சட்டம் போட்டார்.

"இன்னிக்கிலேருந்து காலி பாட்டில் இருந்தாத்தான் கேட்டு தாண்டலாம். கனமா இருந்தா என் எதிர்லயே நின்னு குடிச்சிட்டுப் போ. எனக்கொண்ணும் அவசரம் இல்ல. ஊட்ல டிரம்பெட்டுதான் காத்துக்கினு கீது."

பெஞ்சுக்குப் பக்கத்தில் வரிசையாக எட்டு குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. ஏழு தொட்டிகளில் இலை காய்ந்து சுருண்டிருந்தது. மூன்று மணி இடைவேளையில் ஆயாம்மா டீச்சர்களுக்கு டீ வாங்கப் போகும் ஐந்து நிமிஷத்தில், பாட்டில்களை எட்டாவது தொட்டியில் கவிழ்த்துவிடலாம் என்று யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி. புதன்கிழமைக்குள் மூன்றாம் வகுப்புவரை செய்தி போய்விட்டது.

ஆயாம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டிலைத் தூக்குவார், கை சட்டென்று மேலே போகும், முகம் மலரும். "அப்படிப் போடு நைனா. நாக்க நீட்டு. பாத்தியா, எப்படி ஈரமா கீது." காய்ந்த நாக்கைத்தான் நீட்டினோம், சந்தோஷத்தில் அவர் சரியாகப் பார்க்கவில்லை. டிரில் மாஸ்டர் ராஜரத்தினம் சாரிடம்போய்ப் பெருமை அடித்துக்கொண்டார்.

"சார், நூறு பாட்டிலு. ஒரு சொட்டு மிச்சம் இல்ல. நீங்க விசில் ஊதி இருபது வருசத்துல பண்ணாதத நான் மூணு நாள்ல பண்ணிட்டேன்."

ராஜரத்தினம் சார் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். அதனால் அவர் சொல்வதற்கெல்லாம் பின்னணியில் ஒரு மெல்லிய கீச்சு இருக்கும். "சந்தோசம் ஆயாம்மா," கீச், "டிரில்லுக்கு நல்லது," கீச்.

தலைமை ஆசிரியை ஜெயலக்ஷ்மி மேடமும் அந்த வாரம் வராந்தாவில் ஒரு நிமிஷம் நின்றார். "ஊரே காஞ்சிண்டிருக்கு, இந்த ஒரு தொட்டி மட்டும் எப்படித் தளதளன்னு இருக்கு? அந்த இடத்துல ஏதோ விசேஷம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தொட்டியையும் அங்கேயே நகர்த்தி வைக்கச் சொன்னார். எங்களுக்கும் கவிழ்க்க இடம் தாராளமாயிற்று.

பள்ளிக்கு அது வெள்ளி விழா வருஷம். ஜூலை கடைசிச் சனிக்கிழமை விழா. அதில் வெள்ளை உடுப்பில் மார்ச் பாஸ்ட். தினமும் பதினோரு மணிக்கு ஒத்திகை. வெயிலில் நின்றால்தான் உடம்பு வஜ்ரமாகும் என்பது ராஜரத்தினம் சாரின் கொள்கை. அவர் மட்டும் தொப்பி போட்டுக்கொள்வார். வஜ்ரம் ஏற்கெனவே ஆகிவிட்டது போலிருக்கிறது.

ஹம்சா மூன்றாம் வகுப்பு. எங்கள் தெருதான். இரண்டு பின்னல், அதில் பச்சை ரிப்பன், பின்னல்களைவிடக் கொஞ்சமே தடிமனான கைகள். குள்ளம் என்பதால் முதல் வரிசை. ஜூலை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் "அட்டேன்ஷன்" சொன்னபோது விறைப்பாக நின்றாள். "ஸ்டாண்டட்டீஸ்" சொன்னபோது அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிட்டாள். நெற்றி மண்ணில் பட்ட சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

ராஜரத்தினம் சாரின் விசில் வாயிலிருந்து விழுந்தது. அவர் குரலைக் கீச்சு இல்லாமல் நாங்கள் கேட்டது அன்றுதான். "ஆயாம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

ஆயாம்மா அதற்கு முன்பே ஓடி வந்துகொண்டிருந்தார். வரும் வழியிலேயே பெஞ்சிலிருந்து ஹம்சாவின் பாட்டிலையும் எடுத்து வந்திருந்தார். அன்று மூன்று மணிவரை பொறுக்காமல், காலை முதல் இடைவேளையிலேயே ஹம்சா அதைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டிருந்தாள். தூக்கிப் பார்த்தார், காற்றாக இருந்தது. "குடிச்சிருக்குதே. குடிச்சிட்டுத்தான நின்னிச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெற்றி கொதித்தது. உதடு வெடித்திருந்தது. முந்தானையை நனைத்து முகத்தில் போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை டாக்டர் வீட்டுக்கு ஓடினார். ஹம்சாவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். ஒரே தெரு என்பதால் மிஸ் என்னை அனுப்பினார்.

டாக்டர் உமர் ஃபாரூக் ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். ஊர் பற்றி எரிந்தாலும் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி வைப்பார். ஹம்சா கண் திறந்ததும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். அடிவயிற்றை லேசாக அழுத்தினார். அவள் துள்ளினாள்.

"யூரின் போகும்போது எரியுதா, கண்ணு?"

தலையாட்டினாள்.

"ஸ்கூல்ல எத்தனை தடவை போவே?"

"போக மாட்டேன். ஆத்துக்கு வந்துதான் போவேன்."

"காலையில எட்டு மணியிலேருந்து நாலு மணிவரைக்கும்?"

"ஸ்கூல்ல பூட்டிருக்கும். இன்டர்வெல்ல தொறந்தா பெரிய க்ளாஸ் அக்கால்லாம் நிப்பா. அதுக்குள்ள பெல் அடிச்சுடும். தண்ணி குடிக்கலேன்னா வராது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ பாட்டில்ல இருந்த தண்ணி எங்கம்மா போச்சு?"

ஹம்சா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"குரோட்டன்ஸுக்கு" என்றாள்.

ஆயாம்மா ஸ்பூனோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரிடம் சொன்னார்: "இந்த வெயில்ல தண்ணி குடிக்கறதே இல்ல. இருக்கறதையும் நாள் பூரா அடக்கி வச்சுக்கறா. ரெண்டும் சேர்ந்து நீர்க்கடுப்பு, ஜுரம். மருந்து குடுக்கறேன், சரியாயிடும். ஆனா இவளுக்கு இதே மாதிரி இன்னொரு தடவை வரக் கூடாது. வந்தா கிட்னிவரைக்கும் போகும். இவ ஒருத்தி மட்டும்னு நினைக்காதீங்க. இந்த மாசம் உங்க ஸ்கூல்லேருந்து மட்டும் நாலு பொண்ணு வந்தாச்சு. எல்லாருக்கும் இதேதான்."

ஹம்சாவை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினோம். வராந்தாவுக்கு வந்ததும் ஆயாம்மா எட்டாவது தொட்டி மண்ணில் விரலை விட்டார். விரல் சேறாகி வெளியே வந்தது.

"செடிக்குக்கூட உங்களவிட அறிவு கீது. குடுத்தா குடிக்குது." பிறகு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் கனத்த மட்டுந்தான பாத்தேன். ஏன் கனமா கீதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டனா?"

டாக்டர் சீட்டைக் கொடுக்கத் தலைமை ஆசிரியை அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது கழிப்பறைச் சாவி. ஆயாம்மா சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, "டீச்சரம்மா, அந்தக் கதவ தொறந்தே வச்சிடலாம்" என்றார்.

ஜெயலக்ஷ்மி மேடம் கெட்டவர் இல்லை. லாரி வரும் நாளில் தானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸைப் பிடிப்பவர். சீட்டைப் படித்ததும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொன்னார்:

"பிரிஸில்லா, சம்ப்புத் தொட்டியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாத்தியோ? ஒரு முழம். நாளன்னிக்கு லாரி வரவரைக்கும் அதை வச்சு ஓட்டணும். நானே ஆத்துல ரெண்டு பக்கெட்ல குடித்தனம் பண்ணிண்டிருக்கேன். நாள் பூரா தொறந்து விட்டா, இத்தனை குழந்தைகளுக்கு எங்கேந்து விடறது?"

"சம்ப்பு தண்ணி வோணாம்மா. கெணறு கீதே."

"அது உப்பு. அதுவும் அடியில இருக்கு."

"கழுவுறதுக்கு இன்னாத்துக்கும்மா சக்கர?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். "தண்ணி மட்டும் இல்லை. லாரி வர நாள்ல க்யூவுல நிக்கறவா எல்லாம் கேட் தாண்டி உள்ள வந்துடறா. அதுக்குத்தானே பூட்டே போட்டது."

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: பூட்டு இருக்கும், சாவி ஆயாம்மாவிடம் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். "நாத்தம் அடிக்கறதுன்னு ஒரு பேரண்ட் வந்து சொன்னாலும் சாவி ஆணிக்குத் திரும்பிடும்" என்றார் மேடம்.

மறுநாளிலிருந்து ஆயாம்மா ஆறு மணிக்கே வந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஊறிக் கிணற்றடியில் சேரும் தண்ணீரை வெயில் ஏறுவதற்குள் இறைத்தால்தான் உண்டு. நாற்பது வாளி. முதல் நாள் ஃபிரெட்ரிக்கையும் கூட்டி வந்திருந்தாராம். அவர் பத்தாவது வாளியில் உட்கார்ந்துவிட்டார். "ஊதுற மூச்சு வேற, இழுக்குற மூச்சு வேற, பிரிஸி" என்றாராம். இதை ஆயாம்மாவே எங்களுக்கு அவர் குரலில் சொல்லிக் காட்டினார். சொல்லிக் காட்டுவதில் எங்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர் என்று அன்றுதான் தெரிந்தது.

பினாயில் வாசனை வராந்தாவரை வந்தது. கொக்கி இல்லாத கதவுகளுக்கு ரிப்பன் கட்டி முடிச்சுப் போட்டார். பிறகு ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் போய் நின்று, கேட்கிற பிள்ளையை உடனே அனுப்பச் சொன்னார். ஒற்றை விரலைத் தூக்கினால் "இன்டர்வெல்ல என்ன பண்ணிண்டிருந்தே?" என்று கேட்பதுதான் எங்கள் மிஸ்களின் வழக்கம்.

"ஒருத்தி போனா பின்னாலயே பத்து பேர் எழுந்து போறதுகள். அப்புறம் நான் யாருக்குப் பாடம் நடத்தறது?" என்றார் எங்கள் மிஸ்.

"மயக்கம் போட்டு வுயுந்தவளுக்கு நடத்துவீங்களா மிஸ்?" என்றார் ஆயாம்மா. அன்றிலிருந்து விரல் தூக்கியவர்களை மிஸ் அனுப்பிவிடுவார்.

வியாழக்கிழமை ராஜரத்தினம் சார் பெஞ்சுப் பக்கம் வந்தார். விசில் சட்டைப்பையில் இருந்தது. "ஆயாம்மா, டிரில்ல காலையில எட்டு மணிக்கு வச்சுக்கலாம்னு பாக்கறேன். மரத்தடியில. நீங்க என்ன சொல்றீங்க?"

"வஜ்ரம் ஆவாதே சார்."

"ஆவாட்டி போவுது. புள்ளையா இருந்தா போதும்" என்றார் அவர்.

பத்து நாள் கழித்து ஹம்சா வந்தாள். இன்னும் மெலிந்திருந்தாள். ஆயாம்மா அவள் பாட்டிலைப் பெஞ்சில் தனியாக, நிழலில் வைத்தார். கழுத்தில் ஈரத்துணி ஒன்றையும் சுற்றினார். மணிக்கு ஒரு தடவை வகுப்பு வாசலில் வந்து மூடி நிறைய ஊற்றிக் கொடுப்பார். நாலு நாள் பாட்டில் காலியாகப் போயிற்று. குரோட்டன்ஸ் வாடியது. ஜெயலக்ஷ்மி மேடம், "திருஷ்டி பட்டுடுத்து" என்று வருத்தப்பட்டார்.

விழாவுக்கு முந்தைய புதன்கிழமை ஆயாம்மாவை அழைப்பிதழ் கட்டு வாங்க அச்சாபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவி அவர் இடுப்பில். ஹம்சா விரலைத் தூக்கினாள், மிஸ் உடனே அனுப்பினார். கழிப்பறை பூட்டியிருந்தது. ஆயாம்மா வந்துவிடுவார் என்று கதவுக்கு முன்னால் நின்றாள். அங்கே நிழல் கிடையாது. இருபது நிமிஷம் நின்றிருக்கிறாள். ஆயாம்மா அழைப்பிதழோடு கேட்டுக்குள் நுழைந்தபோது அவள் பாவாடை நனைந்திருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். வேறு யாரும் பார்ப்பதற்குள் ஆயாம்மா தன் முந்தானைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டார். சந்து வழியாக வெளியே போய் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய் விட்டார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஆயாம்மா ஹம்சாவின் பாட்டிலைத் தூக்கினார். மூடியே திறக்கவில்லை. எனக்கு அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஹம்சாவுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தார்.

"எரியுதா?"

"கொஞ்சூண்டு."

"நாளைக்கு குடிப்பியா?"

"பூட்டிருந்தா?"

"நான் இங்கயேதான கீறேன்."

"நேத்திக்கு இல்லையே" என்றாள் ஹம்சா.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு ஆயாம்மா கழிப்பறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றதை நான் கேட்டிலிருந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய இரும்புப் பூட்டு அது. அதைக் கையில் பிடித்து, பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பதுபோலவே ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

இப்போது அந்த இடத்தில் நான்கு மாடி அடுக்ககம் இருக்கிறது. கிணற்றின்மேல் கார் நிற்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக் காலை எனக்கு அப்படியே இருக்கிறது. வண்ணக் காகிதத் தோரணம். கஞ்சி மொடமொடப்பில் வெள்ளை உடுப்பு. மைக் செட்காரர் "ஹலோ, ஹலோ, செக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மரத்தடியில் ராஜரத்தினம் சார் எங்களை நிழலுக்குள் வரிசை பிரித்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. தெருவில் லாரி வரும் நாள் வேறு. குடங்கள் காலையிலேயே கேட் பக்கம் வரிசை கட்டிவிட்டன.

ஜெயலக்ஷ்மி மேடம் பட்டுப் புடவையில் ஒரு சுற்று வந்தார். கழிப்பறைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கதவு ஒருக்களித்திருந்தது. கொண்டியில் பூட்டு இல்லை. மூன்றாம் வகுப்பில் மார்ச் பாஸ்ட்டுக்கு நிற்க வேண்டிய நாலு பேரை வரிசையில் காணவில்லை என்று ராஜரத்தினம் சாரும் தேடிக்கொண்டு அங்கே வந்தார். அந்த நாலு பேரில் ஹம்சாவும் ஒருத்தி என்பதால் நானும் அவர் பின்னால் போனேன்.

"பிரிஸில்லா."

ஆயாம்மா வாளியும் கையுமாக வந்தார்.

"சீஃப் கெஸ்ட் வர நேரம். வாசல்ல அத்தனை கூட்டம் நிக்கறது. இதைப் பூட்டிச் சாவியை என்கிட்ட குடு. திங்கக்கிழமை பாத்துக்கலாம். பூட்டு எங்கே?"

ஆயாம்மா வாளியைக் கீழே வைத்தார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் புடவையில் துடைத்தார். பட்டுப் புடவைக்காரர் கையில் ஈரம் படக்கூடாது என்பதுபோல நன்றாகத் துடைத்தார். ராஜரத்தினம் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆயாம்மாவை இன்றோடு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

அனுப்பவில்லை. மேடம் சாவியை வாங்கிக்கொண்டார். கதவுக்கு உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும், நாலு பேர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. கேட்டில் ஒரு ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேடைப் பக்கம் போய்விட்டார். புதுப் பூட்டு வாங்கவில்லை. அந்தக் கதவைப் பற்றி ஆயாம்மாவிடம் அவர் அதன் பிறகு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதனால் 'பூட்டு எங்கே?' என்ற அந்தக் கேள்விக்கு ஆயாம்மா சொன்ன கடைசிப் பதில் சாவியை நீட்டியபடி அவர் அன்று சொன்னதுதான். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறேன், ஒரு எழுத்தும் கூட்டாமல்:

"சாவிதானம்மா, இந்தாங்க, பத்தரமா வச்சிக்குங்க. பூட்ட நேத்தே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு பேரீச்சம்பயம் வாங்கிட்டேன். மூணாங்கிளாஸ் புள்ளைங்கதான் துன்னிச்சிங்க. துன்னுட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணியும் குடிச்சிச்சிங்க. இன்னிக்கும் காலையிலேயே குடிச்சிட்டு, இப்ப எல்லாம் உள்ளதான் கீதுங்க. வெளிய வந்தப்புறம் பூட்டுறதா வேணாமான்னு அதுங்களையே கேளுங்க."